எதிர்வீட்டில் வைத்த மஞ்சப்பை

டிக்கெட் போட்ட பிறகுதான் காலண்டரைப் பார்த்தோம். கரிநாள்.

அதையும் பார்த்தது நாங்கள் இல்லை, எதிர்வீட்டு அக்கா. கனடாவுக்குப் போக வருஷக்கணக்கில் அலைந்து, இங்கிலீஷ் பரீட்சை எழுதி, ரத்தம் கொடுத்து, எக்ஸ்ரே எடுத்து, போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து எழுந்து, எல்லாம் கைகூடி வந்தபோது, போகிற தேதி நல்ல தேதியா என்று சுவரில் தொங்குகிற காலண்டரைப் புரட்டிப் பார்க்க எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஏதோ கேட்க வந்த அக்கா காலண்டர் முன்னால் நின்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

“ஏம்மா, படிச்சவங்கதான நீங்க? கரிநாள்ல போயி குடும்பத்தோட கடல் தாண்டுவாங்களா யாராவது?”

“மாத்த முடியாதுங்க,” என்றார் என் கணவர். அவர் அப்போது கைத்தராசுக் கொக்கியில் ஒரு பெட்டியை மாட்டித் தூக்கிக்கொண்டிருந்தார். அந்த மாதம் முழுக்க அவர் எதையாவது மாட்டித் தூக்கிக்கொண்டேதான் இருந்தார்.

“மாத்த வேணாம். பரஸ்தானம் வெச்சிடலாம்,” என்றாள் அக்கா.

புறப்படுகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நேரத்தில், போகிறவர்கள் ஒவ்வொருவருடைய துணியிலும் ஒன்றை எடுத்து, மஞ்சளும் கொஞ்சம் அரிசியும் சேர்த்து ஒரு பையில் போட்டு, வாசல் தாண்டிக் கொண்டுபோய் வேறொருவர் வீட்டில் வைத்துவிடுவார்கள். அத்தோடு நாம் கிளம்பியாகிவிட்டது என்று கணக்கு. அப்புறம் கரிநாளில் உடம்பு மட்டும் போனால் பரவாயில்லை. வைத்த பையை மறுபடி வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது; போகிற அன்று அங்கிருந்தே எடுத்துக்கொண்டு போக வேண்டும். எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் பிள்ளையை அழைத்துக்கொண்டு விமானம் ஏறப்போகிறவளுக்கு, நம்பிக்கை இல்லை என்று வாய்விட்டுச் சொல்லவும் தைரியம் வராது. சரி என்றேன். அந்தச் சரியில்தான் எல்லாம் நாசமாய்ப் போனது.

போகிறவர்கள் மூன்று பேர்: நான், கணவர், மகள். வீட்டில் இருந்ததோ நான்கு பேர்.

நாலாவது ஆள் என் தம்பி. முப்பது தாண்டியவன். மீசை, தொப்பை எல்லாம் உண்டு. மூச்சுத் திணறிப் பிறந்த பிள்ளை. பத்து வயசுக் குழந்தைக்கு என்ன புரியுமோ அது புரியும், அதற்கு மேல் ஏறாது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு என்னோடுதான் இருந்தான். பக்கத்துத் தெருவில் ஒரு தறிக்காரரிடம் தார் சுற்றுவான். புடவைக்குக் குறுக்கே ஓடுகிற பட்டு நூலைச் சின்னக் குச்சிகளில் சீராகச் சுற்றித் தருகிற வேலை. காலையில் டிபன் பாக்ஸோடு போவான், சாயங்காலம் வந்ததும் “இன்னிக்கு வேல ஜாஸ்திக்கா” என்பான். தினமும் இதே வார்த்தை, இதே அலுப்பு. அந்த அலுப்பில் அவனுக்கு அப்படி ஒரு பெருமை. தெருவில் பார்க்கிறவர்கள் “இன்னா தம்பி, டூட்டியா?” என்று கேட்பார்கள். “டூட்டிதான்” என்பான். அவ்வளவுதான் அவன் வாழ்க்கை. அதில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை.

கனடாக்காரர்களுக்குக் குடும்பம் என்றால் கணவன், மனைவி, பிள்ளை. கூடப்பிறந்தவன் அதில் சேர்த்தி இல்லை. விசா ஏஜென்டிடம் கேட்டபோது, “பிரதர்லாம் வரமாட்டாருங்க மேடம்” என்றார், என்னவோ என் தம்பிதான் வர மாட்டேன் என்று அடம் பிடித்தது மாதிரி.

அப்படியானால் போகாமல் இருக்க வேண்டியதுதானே என்று கேட்பவர்களுக்கு என்னிடம் நல்ல பதில் கிடையாது. கணவரின் கம்பெனியில் ஆட்களைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். அடுத்தது தான்தான் என்று அவருக்குத் தெரியும். ஊர் ஊராக ஏறி இறங்கியும் வேறு வேலை அமையவில்லை. கனடா மட்டும் வா என்றது.

அதனால் ஒரு ஏற்பாடு செய்தோம். செய்யாறில் சித்தி இருக்கிறாள், அம்மாவின் தங்கை. தம்பி அவள் வீட்டில் தங்குவான். ஆனால் வேலையை விட மாட்டான். தினமும் காலையில் பஸ் ஏறி எங்கள் ஊர் ஆரணிக்கு வந்து தார் சுற்றிவிட்டு சாயங்காலம் செய்யாறு திரும்புவான். அதற்காகவே ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தியைப் பார்க்கப் போகிற சாக்கில் அவனைப் பஸ்ஸில் பழக்கினோம். எங்கே ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும், கண்டக்டரிடம் என்ன சொல்ல வேண்டும் எல்லாம் கற்றுக்கொண்டான். பிறகு தனியாகவே போய் வந்தான். வேலை இருக்கும், தெரு இருக்கும், “டூட்டியா” என்று கேட்க ஆட்கள் இருப்பார்கள். படுக்க மட்டும் வேறு வீடு. இந்த ஒன்றை நம்பித்தான் என்னால் பெட்டி கட்ட முடிந்தது.

அவனிடம் மட்டும் சொல்லவில்லை. கனடா போகிறோம் என்று அவனுக்குத் தெரியும். தான் போகவில்லை என்று தெரியாது. “கடைசியில சொல்லிக்கலாம், இப்பவே சொன்னா சாப்பிட மாட்டான்” என்றார் கணவர். தெருவில் சொன்னால் அவன் காதுக்குப் போய்விடும் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. தெரு முழுக்க நாங்கள் நாலு பேரும் போவதாகவே நினைத்துக்கொண்டிருந்தது.

அந்தக் கடைசி வாரத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பேஜாராக இருக்கிறது. ஒரு பக்கம் பள்ளிக்கூடத்தில் மகளுடைய டி.சி.க்கு அலைச்சல். ஒரு பக்கம் கேஸ் கனெக்ஷனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மின்சார அடுப்பில் சமையல். குடி வரப்போகிறவர்கள் வந்து அளவு பார்த்துவிட்டுப் போனார்கள். நாங்கள் படுத்திருந்த கட்டிலுக்கு மேலேயே டேப்பை நீட்டினார்கள். நாத்தனார் ஒரு சிப்பம் அரிசியோடு வந்து இறங்கினாள். “ஆரணில பொறந்துட்டு அரிசிய அந்த ஊர்லயா வாங்கித் தின்னுவீங்க?” என்று அவளுக்கு ஒரே கோபம். வேண்டாம் என்றால் விடுவாளா, ஒரு பெட்டியில் என் புடவைகள் வெளியே வந்து அரிசி உள்ளே போனது. யார் யாரோ பார்சலோடு வந்தார்கள். “எங்க பையனும் கனடாலதான் கீறான், நீங்க போற ஊருக்குப் பக்கந்தான்.” பக்கமாவது! அந்த ஊருக்குப் போக இன்னொரு விமானம் ஏற வேண்டும். ஊறுகாய், வத்தல், இட்லிப் பொடி, ஒரு முழு உரல். உரலைத் திருப்பி அனுப்பியதற்கு ஒரு அம்மா என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டாள்.

எல்லாவற்றிலும் தம்பி முன்னால் நின்றான். பெட்டி மூடவில்லையா, அவனைக் கூப்பிட்டால் போதும். மேலே ஏறி உட்காருவான், அவன் கனத்துக்கு மூடிக்கொள்ளாத பெட்டி கிடையாது. “அங்க போனா நாந்தான் எல்லாத்தயும் தெறப்பேன்” என்பான். நான் அடுப்பங்கரைக்குள் போய்விடுவேன்.

பரஸ்தானம் வைக்கிற காலை வந்தது. அக்கா குளித்து, தலைமுடியைத் துண்டில் சுற்றிக்கொண்டு மஞ்சப்பையோடு வந்தாள். வந்ததும் முதல் உத்தரவு: “இந்த நேரத்துல வேணாம், இல்ல, முடியாதுன்னு யார் வாயிலயும் வரக் கூடாது. சொல்லிட்டேன்.” பூஜை அலமாரி முன்னால் விளக்கேற்றினோம். என் புடவை ஒன்று, அவர் வேட்டி, மகளின் பாவாடை. பையில் வைத்தேன்.

அப்போது தம்பி உள்ளிருந்து வந்தான். குளித்திருந்தான். நெற்றி நிறைய திருநீறு. கையில் அவனுடைய கட்டம் போட்ட சட்டை, அவனே இஸ்திரி போட்டு, அவனே மடித்தது. யாரும் அவனைக் கூப்பிடவில்லை. நேராக வந்து அதைப் பாவாடைக்கு மேலே வைத்து, இரண்டு கையாலும் அழுத்திவிட்டான்.

எனக்கு வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கணவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. நல்ல நேரத்தில் எப்படிச் சொல்வது? மகள் வேறு பக்கத்தில் நிற்கிறாள். அபசகுனமாகச் சொல்லி, வழியில் ஏதாவது ஆகிவிட்டால்? விழுங்கிவிட்டேன். “நீயே எடுத்துக்கினு வா தம்பி” என்று அக்கா சொல்ல, அவன்தான் பையைத் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டினான். மாப்பிள்ளை ஊர்வலம் போகிற நடை.

மத்தியானம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். மத்தியானம் பிரிட்ஜை எடுத்துப்போக வண்டி வந்தது. வண்டி போனதும் குடி வரப்போகிறவர்கள் வந்தார்கள். அவர்கள் போனதும் நாத்தனார் அரிசி போதுமா என்று கேட்டு வந்தாள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

மறுநாள் அவன் பாதிப் பகலிலேயே வீட்டுக்கு வந்துவிட்டான். அந்த வெயிலில் தோளில் ஒரு சரிகைச் சால்வை. கையில் இனிப்பு டப்பா.

“வேலைய உட்டுட்டேன்க்கா.”

“யாரக் கேட்டுடா உட்ட?” என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்திருக்கும்.

அவன் பயப்படவில்லை. நான் சந்தோஷத்தில் கத்துகிறேன் என்று நினைத்தானோ என்னவோ. “பரஸ்தானந்தான் வெச்சாச்சே! மொதலாளி கையால போத்துனாரு. தறி முன்னால நிக்க வெச்சி போட்டோ எடுத்தாங்க. எல்லாரும் கை தட்டுனாங்க.” வரும் வழியில் தெருவில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கிச் சொல்லிக்கொண்டும் வந்திருந்தான். கல்கண்டு கொடுத்திருந்தார்கள், திருநீறு பூசி அனுப்பியிருந்தார்கள். சட்டைப் பையைத் திறந்து காட்டினான். கல்கண்டு பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்தது.

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் தறிக்காரர் வீட்டுக்கு ஓடினேன். விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனுஷர், தலையில் கை வைத்துக்கொண்டார். “ஒரு வார்த்த முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா. இவரு போறாருன்னு இப்பத்தான் ஒருத்தர வரச் சொல்லி உக்கார வெச்சேன். வந்தவர உடனே எழுந்து போன்னு எப்படிங்க சொல்றது?” உள்ளே தம்பியின் இடத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தார். கொஞ்ச நாள் போகட்டும், ஏதாவது வழி பண்ணுகிறேன் என்றார் முதலாளி. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவனை உட்கார வைத்துச் சொன்னேன்.

“டிக்கெட்ல உன் பேரு இல்லடா.”

“மாமாவ எழுதச் சொல்லு.”

“எழுத முடியாது. அந்த ஊர்க்காரங்க ஒத்துக்கல.”

யோசித்தான். “சீட்டு பத்தலியா? நான் பாப்பாவ மடியில வெச்சிக்கிறேன். ஒரு சீட்டு மிச்சம் ஆவும் பாரு.”

இல்லைடா, இல்லைடா என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். நல்ல நேரத்தில் ஒரு தடவை சொல்ல முடியாததை அன்றைக்கு எத்தனை தடவை சொன்னேனோ. அவனுக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது அவன் முகத்தில் தெரிந்தது. அழுவான், கையில் இருப்பதைத் தூக்கி எறிவான் என்று பயந்தேன். மடியில் இருந்த துணிகளை மடித்தான்.

“சாலுவ போத்திட்டாங்களேக்கா,” என்றான்.

“மொதலாளிகிட்ட பேசிட்டேன்டா. கொஞ்ச நாள்ல திரும்பக் கூப்பிடுவாரு. நீ பஸ்ல வந்து போவலாம்.”

“சிரிப்பாங்கக்கா. இன்னா தம்பி, பாரின் போவலியான்னு தெனம் கேப்பாங்க. டூட்டியான்னு கேக்க மாட்டாங்க.”

நான் வீடு வீடாகப் போய்ச் சொல்கிறேன், யாரும் சிரிக்க மாட்டார்கள் என்றேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். வலித்தது. “சொல்லாத. யாருகிட்டயும் சொல்லாத.” பிறகு அவனே சொன்னான்: “நானும் கார்ல வரேன். தெருவுல எல்லாரும் பாக்கறா மாதிரி. செய்யாறுல சித்தி வூட்ல எறங்கிக்கறேன்.”

“அப்புறம் நீ ஆரணிக்கே வர முடியாதுடா. புரியுதா?”

“தெரியும். நாந்தான் பாரின்ல இருப்பனே.”

கீழே போய்க் கணவரிடம் சொன்னேன். “பரவால்ல, ஆர்ப்பாட்டம் இல்லாம முடிஞ்சிடும்” என்றார். அன்று நான் அவரைத் திட்டியதுபோல் கல்யாணமாகி ஒரு நாளும் திட்டியதில்லை. பெட்டிகளை எல்லாம் கிணற்றில் போடுங்கள் என்றேன். உங்கள் கனடாவில் இடி விழ என்றேன். அவர் தராசைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதைப் பார்த்த பிறகு எனக்குத் திட்டவும் தெம்பில்லை. போகாமல் இருந்துவிடலாமா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கரிநாளும் வந்தது. வாசலில் கார் நின்றது. தம்பி சால்வையைப் போட்டுக்கொண்டு, எதிர்வீட்டுக்குப் போய், பையை அவனே வாங்கிக்கொண்டு வந்தான். அக்கா அவன் காதை மூடுகிற மாதிரி ஒரு மப்ளரைச் சுற்றிவிட்டாள். “அங்க குளுரு எலும்புல எறங்குமாம். தலைய மூடிக்கினே இரு. அக்காவ தொந்தரவு பண்ணாத.” சரி சரி என்று தலையாட்டினான். தெருவே வாசலில் நின்றது. எங்களை யாரும் அவ்வளவாகப் பார்க்கவில்லை, எல்லாருக்கும் அவன்தான் அதிசயம். “தம்பி, எங்கள மறந்துடாத!” “வெள்ளக்காரி யாரயாவது கூட்டிக்கினு வந்துடப்போற!” அவன் வெட்கப்பட்டான், சிரித்தான், முன் சீட்டில் ஏறி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஆட்டிக்கொண்டே வந்தான். தறிக்காரர் வீட்டுத் திருப்பத்தில் வேலையாட்கள் வெளியே வந்து நின்றிருந்தார்கள். அவர்களுக்கும் ஆட்டினான். ஊர் எல்லை தாண்டிய பிறகுதான் கையை உள்ளே இழுத்தான். மப்ளரைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டான்.

செய்யாறு போகிற வழியில் மகள் ஒரு தடவை “மாமா நம்மகூடவே வரட்டும்” என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். சித்தி வாசலிலேயே நின்றிருந்தாள். நான் மஞ்சப்பையைப் பிரித்து அவன் சட்டையை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. “வெச்சத திரும்ப எடுக்கக் கூடாதுன்னு எதிர்வூட்டு அக்கா சொல்லிச்சே” என்றான். அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவன்தான் என்னைக் காருக்குள் தள்ளி, டிரைவரைப் பார்த்து, “ஜல்தி போங்கண்ணா, பிளைட்டு உட்டுடப்போறாங்க” என்றான்.

இங்கே வந்து ஒரு குளிர்காலம் முடிந்துவிட்டது. கணவருக்கு ஒரு வேலை, எனக்கு ஒரு வேலை, மகளுக்குப் பள்ளிக்கூடம். எல்லாம் ஒழுங்காக நடக்கிறது, அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. தம்பியிடம் சித்தி வீட்டுப் போனில் பேசுகிறேன். அவன் வேலைக்குப் போகவில்லை. சித்தி மகன் செய்யாறு பஜாரில் ஒரு கடையில் சொல்லி வைத்தான். ஆரணிக்காரர்கள் சாமான் வாங்க வருவார்கள் என்று இவன் மறுத்துவிட்டான். தறிக்காரர் இரண்டு தடவை எனக்குப் போன் செய்து, இடம் காலியாகப்போகிறது, வரச் சொல்லட்டுமா என்று கேட்டார். அங்கே உண்மை தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான்; வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். தம்பி ஒரே வார்த்தையில் முடியாது என்றான். சாயங்காலம் செய்யாறு பக்கத்துக் கம்பெனிகளில் வேலை முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு பஸ்கள் ஆரணிக்குத் திரும்புகிற நேரத்தில் உள் அறைக்குப் போய்விடுகிறானாம். சில பஸ்களில் எங்கள் தெருப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். தலையைத் திருப்பினால் சித்தி வீட்டு வாசல் தெரியும்.

எதிர்வீட்டு அக்கா அடிக்கடி வாட்ஸ்அப்பில் பேசுகிறாள். தம்பிக்குக் குளிர் ஒத்துக்கொள்கிறதா, வெளுத்துவிட்டானா, போட்டோ அனுப்பு என்கிறாள். ஒத்துக்கொள்கிறது என்கிறேன். போட்டோ எடுக்க நேரமில்லை, டூட்டிக்குப் போயிருக்கிறான் என்கிறேன். தெரு முழுக்க விசாரித்ததாகச் சொல்லச் சொல்கிறாள். அதை மட்டும் நான் அப்படியே அவனிடம் சொல்லிவிடுவேன். யார் யார் விசாரித்தார்கள் என்று ஒவ்வொரு வீடாகக் கேட்பான்.

போன வாரம் அப்படிச் சொன்னபோதும் ஒவ்வொரு வீடாகக் கேட்டு முடித்தான். சித்தி பக்கத்தில் இல்லையே என்று பார்த்துக்கொண்டான் போல. குரலைத் தணித்துக் கேட்டான்.

“அக்கா, அங்க நான் இன்னா வேல செய்யறேன்னு சொல்லிக்கினு இருக்க?”

நான் அதுவரைக்கும் அதை யோசித்திருக்கவில்லை. ஒரு கடையில் என்று சொல்லியிருப்பதாக வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

“கட வேணாம்க்கா,” என்றான். “நல்ல வேலையாச் சொல்லு.”